சாக்குருவி அல்ல, வயல் காவல்காரன்!
பொழுது சாய்ந்தபின் பாகூர் ஏரிக்கரைக்குப் போனதுண்டா? கொக்குகள் அடைந்த பிறகுதான் அங்கே 'நைட் டூட்டி' ஆரம்பம்!

"சக்... சக்... சக்..." கோலிக்குண்டு தரையில் துள்ளுவதுபோல் சத்தம். அதுதான் பக்கி. டார்ச் அடித்தால் ரோட்டில் இரண்டு நெருப்புப் பொறி. அதன் கண்கள்! பூச்சிக்காக ரோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். வண்டி வந்தால் அம்புட்டுதான், பாவம்.

அடுத்தவர் கூகை. ஜனங்கள் வைத்த பெயர் சாக்குருவி. "அலறினா வீட்டுல சாவு விழும்" என்று கல்லால் அடிக்கிறார்கள். ஆனால் புதுவையின் நெற்களஞ்சியமான பாகூருக்கு இதைவிட நல்ல காவல்காரன் ஏது? கும்மிருட்டிலும் காதாலேயே எலியைக் கண்டுபிடிக்கும். சிறகடிக்கும் ஓசை எலிக்குக் கேட்காது. முழுசாக விழுங்கி, எலும்பையும் முடியையும் உருண்டையாகக் கக்கும். பனையடியில் அந்த உருண்டை கிடந்தால் மேலே ஆசாமி இருக்கிறார்!

விவரமான விவசாயிகள் வயலில் குச்சி நட்டு ஆந்தைக்கு இடம் கொடுக்கிறார்கள். மருந்து வைத்த எலியைத் தின்றால் கூகையும் சாகும்.

வில்லியனூர் பக்கத்து ஊசுட்டேரி 2008-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. வயலோரக் கூகைக்கு அந்த யோகம் இல்லை. ஆனாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி ஆந்தையைக் கொல்வது குற்றம்.

பார்க்கப் போகிறவர்கள் டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுங்கள். கரையில் பாம்பு உண்டு. செருப்பு போதாது, ஷூ!