பிரசிடெண்ட் ஆக வேண்டுமா? ஊர் பிரசிடெண்டைக் கேளுங்கள்!

பிள்ளைகளே, நம் கிராமங்களில் ஊராட்சித் தலைவரை எப்படிக் கூப்பிடுவோம்? "பிரசிடெண்ட்" என்றுதானே! "பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா" என்று வீட்டில் உங்களை அனுப்பியும் இருப்பார்கள்.

பிரான்ஸ் நாட்டிலும் கிராமத்துத் தலைவரிடம் கையெழுத்து வாங்க ஆட்கள் வருகிறார்கள். குடிநீர்க் குழாய்க்கோ வீட்டு வரிக்கோ அல்ல. அந்த நாட்டுக்கே பிரசிடெண்ட் ஆக ஆசைப்படுகிறவர்களுக்காக வருகிறார்கள்! என்ன, வேடிக்கையாக இருக்கிறதா? முழுக் கதையையும் சொல்கிறேன், கேளுங்கள்.

பிரான்சில் ஒவ்வொரு ஊரும், சின்னக் கிராமமாக இருந்தாலும் பெரிய நகரமாக இருந்தாலும், ஒரு 'கொம்யூன்'. அதன் தலைவர் 'மேர்'. மேயரைத்தான் பிரெஞ்சு மொழியில் அப்படிச் சொல்கிறார்கள். அந்த நாட்டில் சுமார் 35,000 கொம்யூன்கள் இருக்கின்றன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூடக் கிடையாது. உங்கள் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு நிற்கும் கூட்டம் அதைவிடப் பெரியதாக இருக்கும்! அந்தக் குட்டி ஊரின் மேர்தான் ஆரம்பப் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிக்க வேண்டும், ஊர்ச் சாலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கல்யாணம் நடத்தி வைத்துப் பதிவு செய்வதும் அவர் வேலைதான்.

இப்போது கையெழுத்துக்கு வருவோம். பிரான்சில் அதிபர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட 500 பேர் கையெழுத்திட்டு ஆதரவு தர வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர்களும் மாவட்ட, மண்டல உறுப்பினர்களும் கையெழுத்துப் போடலாம்தான். ஆனால் கையெழுத்துப் போடும் உரிமை உள்ள சுமார் 42,000 பேரில் மிகப் பெரும்பாலோர் மேர்களே. அவர்களிலும் கிராமத்து மேர்களே அதிகம். அதனால் எத்தனை பெரிய தலைவராக இருந்தாலும், சொந்தக் கட்சிக்கு ஊர்ப் பதவிகள் குறைவாக இருந்தால், ஆட்களைக் காரில் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்ப வேண்டியதுதான்.

ஒரே பகுதியில் 500 பேரையும் பிடித்துவிடலாமே என்று உங்களில் கெட்டிக்காரர் யாராவது நினைக்கலாம். அது முடியாது. குறைந்தது 30 மாவட்டங்களிலிருந்து கையெழுத்துகள் வர வேண்டும். ஒரு மாவட்டத்திலிருந்து 50-க்கு மேல் கணக்கில் சேராது. ஒரு மேர் ஒருவருக்குத்தான் கையெழுத்துப் போடலாம். போட்டால் போட்டதுதான், திரும்பப் பெற முடியாது.

ஆரம்பத்தில், அதாவது 1962-ல், 100 கையெழுத்து போதும் என்று இருந்தது. 1974 தேர்தலில் 12 பேர் போட்டியிட்டார்கள். கூட்டம் அதிகம் என்று நினைத்தார்களோ என்னவோ, 1976-ல் அதை 500 ஆக உயர்த்திவிட்டார்கள். அதன் விளைவைப் பாருங்கள். 1981-ல் ழான் மரி லெ பென் என்ற தலைவருக்கு 500 கையெழுத்து சேரவில்லை. அவர் தேர்தலில் நிற்கவே முடியவில்லை. அதே மனிதர் 2002-ல் கையெழுத்துகளைச் சேர்த்து, போட்டியிட்டு, கடைசிச் சுற்று வரை வந்துவிட்டார்! அவர் கொள்கை நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். ஒரு கிராமத்து மேரின் பேனாவுக்கு எவ்வளவு வலிமை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

இதோடு முடியவில்லை.

டெல்லியில் மக்களவை, மாநிலங்களவை என்று இரண்டு அவைகள் இருப்பதுபோல பாரிஸிலும் இரண்டு உண்டு. இரண்டாவது அவையின் பெயர் செனட். அதில் 348 உறுப்பினர்கள். அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் தெரியுமா? ஓட்டுப் போடுகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கொம்யூன்களின் பிரதிநிதிகள்! எவ்வளவு சின்னக் கிராமமாக இருந்தாலும் அதன் சார்பில் ஒருவர் போய் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் போகாவிட்டால் 100 யூரோ அபராதம். நம் பணத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய்!

இப்படித் தேர்ந்தெடுக்கப்படும் செனட் உறுப்பினர், கிராமத்துத் தபால் நிலையத்தை மூடுகிறார்கள், பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்றால் பேசாமல் இருக்க முடியுமா? அடுத்த தடவை அதே மேர்களிடம்தானே ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும்!

இந்த செனட்டோடு மோதியவர் சார்லஸ் டி கால். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் விடுதலைக்காகப் போராடிய மாபெரும் தலைவர், பிறகு நாட்டின் அதிபர். 1958-ல் அவரை அதிபராகத் தேர்ந்தெடுத்தவர்கள் சுமார் 80,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் ஊர் மன்றங்களைச் சேர்ந்தவர்கள்தான். மக்களே நேரடியாக அதிபரைத் தேர்ந்தெடுக்கும் முறை 1962-ல்தான் வந்தது. அதன் பிறகு 1969-ல் டி கால், செனட்டின் சட்டம் இயற்றும் அதிகாரத்தை எடுத்துவிட்டு, அதை வெறும் ஆலோசனை சொல்லும் அவையாக மாற்ற நினைத்தார். மண்டலங்களை அமைக்கும் திட்டத்தையும் அதோடு சேர்த்து மக்களிடம் ஓட்டுக்கு விட்டார். "நான் தோற்றால் விலகிவிடுவேன்" என்றும் அறிவித்தார். ஏப்ரல் 27 அன்று 100-க்கு 52 பேர் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். மறுநாளே டி கால் பதவி விலகினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். அதன்பின் தற்காலிக அதிபராக வந்தவர் செனட் தலைவர் அலன் போயர். அவர் யார் தெரியுமா? ஆப்லோன் என்ற சிற்றூரின் மேர்!

அப்படியானால் பிரான்ஸ் கிராமங்களுக்குக் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து 'மஞ்சள் சட்டை'ப் போராட்டம் வெடித்தது. பாரிஸில் இருப்பவருக்கு மெட்ரோ ரயில் உண்டு. கிராமத்தில் இருப்பவர் ரொட்டி வாங்கக்கூடக் காரில்தான் போக வேண்டும். பெட்ரோல், டீசல் விலை ஏறினால் அவர் என்ன செய்வார்? அரசு அந்த வரி உயர்வைக் கைவிட்டது. பிறகு அதிபர் மேக்ரான் யாரைத் தேடிப் போனார்? மேர்களைத்தான். 2019 ஜனவரி 15 அன்று நார்மண்டிப் பகுதியில் ஒரு சிற்றூர் விளையாட்டு அரங்கில் சுமார் 600 மேர்கள் கூடினார்கள். அவர்கள் கேள்வி கேட்கக் கேட்க, ஏழு மணி நேரம் அளவுக்கு அதிபர் பதில் சொன்னார். பரீட்சை ஹாலில் மூன்று மணி நேரம் உட்காரவே நமக்கு முதுகு வலிக்கிறது!

இந்த முறையில் எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. 2017 தேர்தல் முதல், யார் யாருக்குக் கையெழுத்திட்டார்கள் என்ற முழுப் பட்டியலையும் வெளியிடுகிறார்கள். ஒளிவு மறைவு இல்லை என்பது நல்லதுதான். ஆனால் இருநூறு பேர் வாழும் ஊரில் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் மேர் என்ன செய்வார்? 'எதற்கு வம்பு' என்று பலர் யாருக்குமே கையெழுத்துப் போடுவதில்லை. நகரத்து மக்களும், "செனட்டில் கிராமங்களின் கை ஓங்கியிருக்கிறது" என்று குறை சொல்கிறார்கள். அதையும் தள்ளிவிட முடியாது.

கீழூரில் எண்ணிய ஓட்டுகள்

கொம்யூன், மேர் என்ற சொற்களை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? புதுச்சேரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். கடற்கரைச் சாலையில் 'மேரி' கட்டடம் என்று ஒன்று உண்டு. மேரின் அலுவலகம் என்று பொருள். 2014-ல் மழையில் இடிந்து விழுந்ததைப் பழைய வடிவத்திலேயே மறுபடி கட்டினார்கள். அங்கே கிராமப் பகுதிகளுக்கு இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் பெயர். எல்லாம் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதன் அடையாளம்.

நம் நாடு 1947-ல் விடுதலை பெற்ற பிறகும் புதுச்சேரி அவர்கள் கையில்தான் இருந்தது. இந்தியாவோடு சேருவதா, வேண்டாமா? 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற சிற்றூரில் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டவர்கள் பிரதிநிதி சபை உறுப்பினர்களும் கொம்யூன் மன்ற உறுப்பினர்களும். மொத்தம் 178 பேர். சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர், வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது! தெரு விளக்கையும் சாக்கடையையும் பார்த்துக்கொண்டிருந்த உறுப்பினர்கள் ஒரு நாட்டின் எல்லையையே மாற்றினார்கள். கீழூரில் நினைவுச் சின்னம் இருக்கிறது, போனால் பாருங்கள்.

அதே புதுச்சேரியில் 1968-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த தேர்தல் எப்போது தெரியுமா? 2006-ல்! முப்பத்தெட்டு வருஷம்! தமிழ்நாட்டிலும் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பரில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. உறுப்பினரே இல்லாத ஊருக்குக் குரல் எங்கிருந்து வரும்?

நம் பிரசிடெண்டுக்கு?

"எம்.எல்.ஏ. பெரியவரா, பஞ்சாயத்துத் தலைவர் பெரியவரா சார்?" என்று வகுப்பில் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். ஓட்டுக் கணக்கை வைத்தே பதில் சொல்கிறேன். தமிழ்நாட்டிலிருந்து மாநிலங்களவைக்கு 18 பேர் போகிறார்கள். அவர்களைத் தேர்ந்தெடுப்பவர்கள் 234 எம்.எல்.ஏ.க்கள். சுமார் 12,500 ஊராட்சித் தலைவர்களில் ஒருவருக்கும் அதில் ஓட்டு இல்லை.

ஊராட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் உறுதியான இடம் கிடைத்ததே தாமதமாகத்தான். 1989-ல் அதற்காக ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த மசோதா மக்களவையில் நிறைவேறியது, ஆனால் மாநிலங்களவையில் சில ஓட்டுகள் குறைந்து தோற்றது. மாநில அரசுகளைத் தாண்டி மத்திய அரசு கிராமங்களில் கை வைக்கப் பார்க்கிறது என்பது எதிர்த்தவர்கள் வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பிறகு 1992-ல் நிறைவேறிய 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல், பெண்களுக்கு இடஒதுக்கீடு எல்லாம் அதனால் வந்தவைதான். ஆனால் டெல்லியில் பேச ஒரு நாற்காலி? அது அந்தத் திருத்தத்தில் இல்லை.

மாநில அளவில் ஒரு வழி உண்டு. கர்நாடகம், பிகார் உட்பட ஆறு மாநிலங்களில் சட்ட மேலவை இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களை உள்ளாட்சிகளில் உள்ளவர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். ஓட்டுக்குப் பணம் கைமாறுகிறது என்ற புகாரும் வருவதுண்டு. நம்மிடமும் மேலவை இருந்தது. 1986 நவம்பர் 1 முதல் அது இல்லை.

மாநிலங்களவைத் தேர்தலில் ஊராட்சிகளுக்கும் ஓட்டு வேண்டும் என்றால் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்கு இரண்டு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை. மாநிலங்களவையில் கை தூக்க வேண்டியவர்கள் யார்? எம்.எல்.ஏ.க்கள் ஓட்டில் ஜெயித்து அங்கே உட்கார்ந்திருப்பவர்கள்தான்!