மேசை லேசர் செதுக்குப் பொறி: சங்கத்தில் அமைப்பதும் உபயோகிப்பதும்

நெய்கிறவருக்கும் பயிரிடுகிறவருக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. சரக்கை உண்டாக்கும் கை நம்முடையது. அதன்மேல் பெயரைப் பொறிக்கும் கை வேறொருவருடையது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை தறியைவிட்டு இறங்கியபின் எவர் சீட்டோ அதில் ஏறுகிறது. நம் மிளகாயும் நிலக்கடலையும் பெயரில்லாச் சாக்கில் சந்தைக்குப் போகின்றன. வாங்குகிறவர் பொருளை அறிகிறார், உழைத்தவரை அறிவதில்லை. பெயர் போனால் விலையில் ஒரு பங்கும் அதனுடன் போய்விடுகிறது.

இக்குறையை ஓரளவு நீக்கவல்ல சாதனம் ஒன்று இப்போது சிறு சங்கங்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்திருக்கிறது. அதுவே மேசைமேல் வைத்து இயக்கும் லேசர் செதுக்குப் பொறி. கண்டரமாணிக்கத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள அங்கத்தினர்கள் இதைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இரண்டு. கணிப்பொறியில் அதிகப் பயிற்சி இல்லாதவர் இதை இயக்க முடியுமா? இதனால் மரத்தச்சரின் பிழைப்பு கெடுமா? இரண்டிற்கும் விடை கூற முற்படுகிறோம்.

பொறி வேலை செய்யும் விதம்

பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைக் கருக்கிய சிறுவயது விளையாட்டை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். இப்பொறியின் தத்துவமும் அதுவே. 1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தியோடர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964-இல் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கரியமில வாயு லேசரைக் கண்டுபிடித்தார். இன்று பெரிய பட்டறைகளில் மரத்தையும் தோலையும் வெட்டும் பொறிகளில் பெரும்பாலானவை அவ்வகையினவே. நாம் இங்கே பேசும் சிறு பொறியில் இருப்பது டயோடு லேசர். ஏறத்தாழ 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை உமிழ்வது.

ஒளி உமிழும் தலைப்பகுதியை இரண்டு மோட்டார்கள் நெடுக்கிலும் குறுக்கிலும் நகர்த்துகின்றன. எங்கே போவது, எந்த வேகத்தில் போவது, எவ்வளவு வலுவுடன் சுடுவது என்ற கட்டளைகள் கணிப்பொறியிலிருந்து வரிவரியாக வருகின்றன. நெசவாளருக்கு இது புதிதன்று. 1804-இல் ஜக்கார்டு அமைத்த தறியில், அட்டையிலுள்ள துளை இருந்தால் பாவு நூல் உயரும், இல்லாவிட்டால் உயராது. அட்டைக்குப் பதிலாக இங்கே எழுத்துக் கட்டளை வருகிறது, வேறுபாடு அவ்வளவே.

கட்டமும் கோலமும்

வடிவமைப்பு மென்பொருளில் சித்திரம் இரண்டு வகைப்படும். ஒன்று, கட்டம் போட்ட தாளில் நெசவு டிசைனைக் கட்டம் கட்டமாக நிரப்புவது போன்றது. புகைப்படம் இவ்வகை, பெரிதாக்கினால் கட்டங்கள் வெளியே தெரியும். மற்றொன்று, புள்ளிக் கோலம் போன்றது. புள்ளிகளின் இடமும் அவற்றைச் சுற்றி வளையும் கோட்டின் போக்கும் மட்டுமே மென்பொருளின் நினைவில் இருக்கும். ஆகையால் எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கெடாது. வெட்டுவதற்கும் ஓரங்களைக் கீறுவதற்கும் கோலவகைச் சித்திரமே வேண்டும். உருவப்படம் பொறிக்கக் கட்டவகை போதும்.

கோலவகைச் சித்திரம் வரைய இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் 2003 முதல் இலவசமாகக் கிடைத்து வருகிறது. பொறியை ஓட்டுவதற்கு லேசர்ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ் கணிப்பொறியில் இயங்கும். லைட்பர்ன் என்பது விலை கொடுத்து வாங்குவது. வரைவதையும் ஓட்டுவதையும் ஒன்றாகவே செய்யும். சங்கம் முதலில் இலவசமானவற்றில் பழகி, வேலை பெருகிய பின்னர் விலை கொடுப்பதைப் பற்றி யோசிப்பதே சிக்கனமாகும்.

அமைக்கும் வரிசை

முதலாவது, அசையாத சமமான மேசையில் பொறியை வைத்து, நான்கு மூலைகளும் செங்கோணமாக உள்ளனவா என்று மூலைமட்டம் கொண்டு பார்க்க வேண்டும். பட்டைகள் தொய்வின்றி இருக்க வேண்டும்.

இரண்டாவது, பொறியுடன் வந்த இணைப்பு மென்பொருளைக் கணிப்பொறியில் ஏற்றி, பின்னர் கம்பியை இணைக்க வேண்டும். ஓட்டும் மென்பொருளில் சரியான இணைப்பு வாயிலையும், பொறியின் புத்தகத்தில் கண்ட தொடர்பு வேகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான சிறு பொறிகளுக்கு அவ்வேகம் 115200.

மூன்றாவது, மேடையின் நீள அகலங்களையும் தொடக்க மூலையையும் குறிக்க வேண்டும். மூலையை மாற்றிக் குறித்தால் எழுத்து கண்ணாடியில் கண்டதுபோல் திரும்பி விழும். உச்ச வலுவுக்குரிய எண்ணும் பொறியிலும் மென்பொருளிலும் ஒன்றாகவே இருத்தல் அவசியம். பொறியில் 1000 என்றும் மென்பொருளில் 255 என்றும் இருந்தால், முழு வலு கேட்டாலும் கால் பங்கே கிடைக்கும். பொறி பழுதென்று திருப்பி அனுப்பத் துணியுமுன் இதைப் பார்த்துக்கொள்வது நலம்.

நான்காவது, 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றை அட்டையில் வரைந்து அளந்து பார்க்க வேண்டும். அளவு குறைந்தாலோ கூடினாலோ அதைச் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்கலாகாது.

ஐந்தாவது, ஒளியின் குவியம். பொறியுடன் வரும் அளவுக் கட்டையைத் தலைப்பகுதிக்கும் பலகைக்கும் இடையே வைத்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். பலகையின் கனம் மாறுந்தோறும் இதை மறுபடியும் செய்ய வேண்டும். கோடு தடித்தும் மங்கியும் விழுந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குவியத்தையே.

தமிழ் எழுத்தில் நேரும் சங்கடம்

இது நம்மவர் தனியாகக் கவனிக்க வேண்டிய விஷயம். சில மென்பொருள்கள் தமிழை ஒழுங்காகக் கோப்பதில்லை. ‘கொ’ என்பதன் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இதற்கு மாற்று, இங்க்ஸ்கேப்பில் எழுத்தைச் சரியாக அமைத்துக்கொண்டு, ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ என்ற கட்டளையால் அதை வெறும் கோடாக மாற்றிவிடுவது. அதன்பின் எந்த மென்பொருளுக்குக் கொண்டுபோனாலும் எழுத்து சிதையாது. ஆனால் கோடாக மாற்றியபின் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாதாகையால், மாற்றுவதற்கு முந்திய பிரதி ஒன்றைத் தனியே சேமித்து வைக்க வேண்டும்.

சாக்கின்மேல் மை பூசுவதற்காக அட்டையில் பெயரை வெட்டும்போது வேறொரு சங்கடம் உண்டு. நாம் முதன்முதலில் ‘கண்டரமாணிக்கம்’ என்று வெட்டி எடுத்தபோது, ‘ண’வின் சுழிக்குள்ளிருந்த துண்டுகளும் ‘க’வின் வயிறும் கழன்று விழுந்தன, சாக்கில் எழுத்துக்குப் பதிலாக மைத் திட்டுகளே விழுந்தன. மூடிய சுழி ஒவ்வொன்றிற்கும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அகலத்தில் பாலம் ஒன்று விட வேண்டும் என்பதை ஓர் அட்டையை வீணாக்கியபின் கற்றுக்கொண்டோம். எழுத்தையே தனியாக வெட்டி எடுத்துப் பெயர்ப் பலகையில் ஒட்டுவதானால் நிலைமை நேர்மாறாகும். அங்கே சுழி திறந்திருப்பதே முறை. ஆனால் ஊர்ப் பெயரிலுள்ள மூன்று புள்ளிகளும் தனித்தனியே உதிர்ந்துவிடும். புள்ளியை எழுத்தோடு ஒட்டவைத்து வரைதல் வேண்டும். முத்திரைக் கட்டை செய்வதானால் சித்திரத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட மறக்கலாகாது.

வேகம், வலு, நேரம்

ஒரு மரத்திற்கு ஏற்ற வேகமும் வலுவும் மற்றொரு மரத்திற்கு ஏற்காது. ஆகவே ஒவ்வொரு புதுப் பலகையிலும் ஓரத்துத் துண்டு ஒன்றில், வேகத்தை ஒரு பக்கமும் வலுவை மறுபக்கமும் படிப்படியாக மாற்றிச் சிறு சதுரங்களைச் சுட்டுப் பார்த்து, ஏற்றதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அத்துண்டுகளையே துளையிட்டுக் கோத்துச் சுவரில் மாட்டி வைத்தால் பின்வருபவருக்கு அது பாடப் புத்தகம் ஆகும்.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. 100 மில்லிமீட்டர் சதுரத்தை 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் நிரப்பினால் 1,000 வரிகள். மொத்த ஓட்டம் 1,00,000 மில்லிமீட்டர். நிமிடத்திற்கு 3,000 மில்லிமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும்; திரும்பும் நேரம் வேறு. சேலைக்குக் கட்டும் 50-க்கு 30 மில்லிமீட்டர் மரச்சீட்டு ஒன்றை முழுவதும் நிரப்பினால் 5 நிமிடம் செல்லும். 20 சீட்டுக்கு ஒரு மணி 40 நிமிடம். எழுத்தின் ஓரக்கோட்டை மட்டும் கீறினால் அதில் சிறு பங்கே போதும். அழகு எவ்வளவு, மின்சாரமும் நேரமும் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தே டிசைனை முடிவு செய்ய வேண்டும்.

வெட்டும்போது உள்ளே உள்ள துளைகளை முதலிலும் வெளி ஓரத்தைக் கடைசியிலும் வெட்ட வேண்டும். ஓரம் முதலில் அறுந்தால் துண்டு நகர்ந்து துளை இடம் தவறும். தொடங்குமுன், வேலை விழும் எல்லையைச் சுடாமல் சுற்றிக் காட்டும் வசதியை உபயோகித்து இடத்தைச் சரிபார்க்க வேண்டும். வேலை நடுவே கணிப்பொறி உறங்கிவிட்டால் பொறியும் நின்றுவிடும். அந்த ஏற்பாட்டை நீக்கி வைப்பதுடன், மின்தடைக்கு மாற்று ஏற்பாடும் இருத்தல் நலம்.

கண்ணும் தீயும்

மூடியில்லாப் பொறியின் ஒளி, இமைக்கும் நேரத்திற்குள் கண்ணின் உட்திரையைச் சுட்டுவிடக்கூடியது. போன பார்வை திரும்பாது. சாதாரணக் கறுப்புக் கண்ணாடி இதைத் தடுக்காது. அந்த அலைநீளத்திற்கென்றே செய்த காப்புக் கண்ணாடி வேண்டும். நீல ஒளிக்குரிய கண்ணாடி, கரியமில வாயு லேசருக்கு உதவுமென்று எண்ணலாகாது. வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை அறைக்குள் விடவே கூடாது. மூடியுள்ள பொறியை வாங்குவதே சங்கத்திற்கு உகந்தது.

பொறி ஓடும்போது எவரும் இடத்தைவிட்டு அகலலாகாது. பஞ்சுத் தூசி, நூற்கழிவு, ஓலை, கூரை ஆகியவற்றிற்கு அருகில் இதை வைத்தல் தகாது. தறிக்கூடத்திலும் நூல் கிடங்கிலும் வேண்டவே வேண்டாம். தீயணைப்புச் சாதனம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புகையை வெளியே தள்ளும் விசிறியும் குழாயும் அவசியம்.

ரெக்சின் முதலிய பி.வி.சி. பொருள்களை ஒருபோதும் இதில் வைக்கலாகாது. சூடுபட்டால் அவற்றிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு என்னும் வாயு எழுந்து நுரையீரலையும் பொறியின் இரும்பையும் அரிக்கும். கண்ணாடிபோல் தெளிவான அக்ரிலிக் தகட்டை நீல ஒளி வெட்டாது, ஊடுருவிச் சென்றுவிடும். வாங்கும்போது மற்றொன்றும் கேட்டறிய வேண்டும். விளம்பரத்தில் 40 வாட் என்று கண்டிருப்பது பொறி உண்ணும் மின்சாரமாக இருக்கலாம். வெளிவரும் ஒளியின் வலு 5 வாட்டாகவே இருக்கலாம். ஒளியின் வலுவையே எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும்.

எதற்கு உதவும், எதற்கு உதவாது

சாக்கு அட்டை, மரச்சீட்டு, முத்திரைக் கட்டை, பெயர்ப் பலகை ஆகியவற்றிற்கு இப்பொறி நன்கு உதவும். பனையோலைக் கொட்டானில் கட்டும் சீட்டும் செய்யலாம். ஆனால் ஓலை மெல்லியது, வலுவைப் பெரிதும் குறைக்காவிட்டால் கரிந்துவிடும். ஆத்தங்குடித் தளக்கல்லுக்குரிய உலோக அச்சை இது வெட்டாது. அதன் மாதிரியை அட்டையில் வெட்டிப் பார்க்கலாம். பருத்திச் சேலையை இதன் கீழ் வைப்பது வேண்டாம்; நூல் கருகும்.

மரத்தச்சரின் பிழைப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இப்பொறி மரத்தின் மேற்பரப்பைக் கருக்கும். சிறிது ஆழம் குடையும். செட்டிநாட்டு வீடுகளின் நிலைக்கதவிலுள்ள யாளியின் புடைப்பையும் கொடியின் வளைவையும் உளிதான் உண்டாக்க வல்லது. ஆனால் பலகையில் கரிக்கோடு போடும் வேலையை இது விரைவில் செய்து கொடுக்கும்; அதன்மேல் தச்சர் உளியை வைக்கலாம். ஆகையால் பொறியை இயக்கக் கற்பிக்கும்போது முதல் இடம் தச்சருக்கே அளிப்பது முறை. அவர் கைக்குத் துணையாக வந்தால் அது சாதனம். அவரை விலக்கிவிட்டு வந்தால் சங்கத்தில் அதற்கு இடமில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் உபயோகிப்பாளராகப் பதிந்துகொண்டவரே அக்குறியீட்டை உபயோகிக்கும் உரிமையுடையவர். சீட்டு அடிக்கப் பொறி இருக்கிறது என்பதற்காக, விசைத்தறிச் சேலையில் அப்பெயரைக் கட்டினால் அது குற்றம். அதைவிட, தறியில் உட்கார்ந்திருக்கும் நம் அங்கத்தினருக்கே துரோகம்.

சங்கத்தின் பொறுப்பு

ஒருவர் தனியே வாங்கினால் பொறி பாதி நாள் தூசி படிந்து கிடக்கும். பலர் சேர்ந்து வாங்கினால் ஒவ்வொருவர் செலவும் குறையும், பொறியும் ஓய்ந்திராது. நிமிடக் கணக்கில் கட்டணம், வரிசைப்படி வேலை, நாள்தோறும் எழுதும் பதிவேடு, பொறுப்பாளர் இருவர் என்று நிர்வாகக் குழு முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். அங்கத்தினர் வரைந்த டிசைன் அவருடையதே. அவர் சம்மதமின்றிப் பிறர் வேலைக்கு எடுக்கலாகாது என்பதையும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டும். வாங்குமுன், ஓராண்டில் எத்தனை சாக்கு, எத்தனை சீட்டு தேவை என்று கணக்கெடுத்து, வெளியில் அடிக்கக் கொடுக்கும் செலவுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது. கணக்கு இடம் தராவிட்டால் காத்திருப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துச் சங்கத்துடன் கூட்டாக வாங்குவதைப் பற்றியும் யோசிக்கலாம்.

முதல் கேள்விக்கு இனி விடை கூறலாம். கட்டத்தாளில் டிசைன் போடத் தெரிந்தவரும், வாசலில் புள்ளி பிசகாமல் கோலமிடத் தெரிந்தவரும் இம்மென்பொருளைக் கற்பது கடினமன்று. பொறுமையும் ஜாக்கிரதையும் வேண்டும். அவ்விரண்டும் நெய்கிறவரிடமும் பயிரிடுகிறவரிடமும் ஏற்கெனவே உள்ளன. நம் சரக்கில் நம் பெயர், நம் எழுத்தில், பிழையின்றி இருக்கட்டும்.