சப்பானிய மொழியில் எழுவாயும் தலைப்பொருளும்

எழுவாய் என்னும் உறுப்பு எல்லா மொழிக்கும் பொது என்பது மொழிநூலார் பலர் நெடுங்காலம் ஆராயாது கொண்ட கருத்தாகும். அதனை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்லாகச் சப்பானிய மொழி அமைந்துள்ளது.

'ஸோ வா ஹனா கா நகாய்' என்பது அம்மொழியின் எளியதொரு தொடர். 'ஸோ' யானை, 'ஹனா' மூக்கு, ஈண்டுத் துதிக்கை, 'நகாய்' நீளமானது. 'வா', 'கா' என்பன பெயரின் பின்வரும் இடைச்சொற்கள். யானையின் துதிக்கை நீளமானது என்பது கருத்து. இதன்கண் எழுவாய் யானையா, துதிக்கையா?

'கா' ஏற்ற பெயர் பயனிலையோடு நேரே இயையும். 'வா' அத்தகையதன்று. எழுவாய்க்குரிய 'கா', செயப்படுபொருளுக்குரிய 'ஒ' ஆகியவற்றின் இடத்தில் அது நிற்கும். 'நி', 'கரா' முதலிய உருபுகளின் பின்னும் வரும். ஆதலின் அது வேற்றுமையுருபு ஆகாது. 'யார் வந்தார்?' என வினவுங்கால், யார் எனப் பொருள்படும் 'தரே' என்னும் சொல் 'கா' ஏற்குமன்றி 'வா' ஏலாது. கேட்போன் அறிந்த பொருளை முன்னிறுத்தி, அதனைப் பற்றி ஒன்று கூறுதலே 'வா'வின் தொழில் ஆதலின் என்க. உணவகத்தில் ஒருவன் 'போகு வா உனாகி த' என்றால், 'நான் விலாங்குமீன்' என்பது பொருளன்று. 'எனக்கு வேண்டுவது விலாங்கு' என்பதே பொருள். இவ்வாறு முன்னிறுத்தப்படுவதைத் தலைப்பொருள் எனலாம்.

மிகாமி அகிரா என்பார் யானைத் தொடரையே பெயராகக் கொண்ட நூலை 1960-இல் வெளியிட்டார். எழுவாய் என்பது மேனாட்டு இலக்கணத்தினின்று வந்தது. சப்பானிய இலக்கணத்தினின்று நீக்கத்தக்கது என்பது அவர் கொள்கை. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் எழுவாய் வினைவிகுதியை ஆள்கின்றது. சப்பானிய வினைக்கோ திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. இஃது அவர் கொள்கைக்கு அரணாகும்.

தமிழோடு ஒப்பிடின் இது தெளிவாகும். சினைச்சொல் முதலின் வினைகொண்டு முடிதலைத் தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் உடன்படும். 'இவள் விரல் மெல்லியள்' என்புழி '-அள்' விகுதி முதலைக் காட்டும். 'இவள் விரல் மெல்லிய' என்புழிப் பன்மை விகுதி சினையைக் காட்டும். 'நகாய்' என்பதில் இத்தகைய சான்று இல்லை.

ஆயினும், எழுவாய் அறவே இல்லை எனல் பொருந்தாது. சப்பானிய மொழியில் வினைமுதலை உயர்த்திக் கூறும் வினையமைப்பு ஒன்று உண்டு. 'ஆசிரியர் மாணவனை அழைத்தார்' என்னும் பொருளில் அது வரும். 'மாணவன் ஆசிரியரை அழைத்தான்' என்னும் பொருளில் வாராது. உயர்வுக்குரியார் செயப்படுபொருளாய் நின்றால் அவ்வமைப்பு இயங்காமையின், எழுவாய்க்குத் தனியிடம் உண்டென்பது பெறப்படும்.

1976-இல் லி, தாம்சன் என்னும் இருவர் எழுவாய் சிறக்கும் மொழிகள், தலைப்பொருள் சிறக்கும் மொழிகள் எனப் பகுத்து, சப்பானிய மொழியில் இரண்டும் ஒருங்கே சிறக்கும் என்றனர். ஐரோப்பிய மொழிகளில் பெரும்பாலும் ஒரே பெயர் தாங்கும் இரு தொழில்களை, இம்மொழி இரு பெயர்களுக்குப் பகிர்ந்தளிக்கின்றது. ஒரு மொழியில் ஒன்றாய்த் தோன்றுவது மற்றொன்றில் இரண்டாய்ப் பிரிதலின், எழுவாயின் இலக்கணத்தை ஒரு மொழிக்குடும்பம் கொண்டு வரையறுத்தல் சாலாது என்பதே இதனாற் போதரும் உண்மையாகும்.