ஆறு நிமிட நடை

ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகிறது. மாத்திரைகளைத் தவறவிடுவதில்லை. "மறுபடி தறியில் உட்காரலாமா என்று கேட்டால் 'பார்த்து இருங்க' என்கிறார்கள். எதைப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

பார்க்க வேண்டியது, உடம்பு எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பதை. டிரெட்மில் சோதனையைப் பலரும் அறிவார்கள். ஆனால் இயந்திரமே தேவைப்படாத ஒரு சோதனை உண்டு. சமதளமான 30 மீட்டர் வராந்தா, இரு முனையிலும் அடையாளக் கூம்பு, ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம் போதும். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறதோ அதுதான் அளவு. ஓடக்கூடாது. மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நோயாளி தன் வழக்கமான செருப்போடு, கைத்தடியோடு வரலாம். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், 300 மீட்டர்கூட நடக்க முடியாத இதயச் செயலிழப்பு நோயாளிகளிடையே இறப்பு, 450 மீட்டரைத் தாண்டியவர்களைவிட மிக அதிகமாக இருந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது, சோதிப்பவர் என்ன பேசலாம் என்பதற்கும் விதி இருப்பதுதான். நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரே குரலில், "நல்லா நடக்கிறீங்க, இன்னும் ஐந்து நிமிஷம் இருக்கு" என்பது போன்ற எழுதிவைத்த வாக்கியம் மட்டும். கூடவே நடந்து வேகப்படுத்தக் கூடாது. காரணம் இருக்கிறது. 1984இல் கனடாவின் கார்டன் கயட்டும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், உற்சாகச் சொற்கள் மட்டுமே சுமார் 30 மீட்டரைக் கூட்டின. பல வாரப் பயிற்சி தரும் முன்னேற்றமே சில நோயாளிகளுக்கு அவ்வளவுதான்! எங்கள் ஊரில் பட்டு நூலை நிறுத்துக் கொடுத்த தராசிலேயே நெய்த சேலையையும் நிறுப்பார்கள். தராசு மாறினால் கணக்கு நிற்காது. இந்தச் சோதனையில் சோதிப்பவரின் சொல்லும் தராசின் ஒரு பகுதி. முதல்முறையைவிட இரண்டாம்முறை தூரம் கூடுவதும் வழக்கம், வழி பழகிவிடுவதால். வராந்தா குட்டையாக இருந்தால் திருப்பங்கள் கூடித் தூரம் குறையும்.

ஆனால் நடை, தறிக்கு முழு விடை ஆகாது. குழித்தறியில் கால் மிதிக்கிறது, கை நாடாவை ஓட்டிப் பலகையை அடிக்கிறது. அதே அளவு வேலையைக் காலால் செய்வதைவிடக் கையால் செய்யும்போது துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடுதலாக ஏறும். அதனால் தறிவேலையை முதலில் சிறிது நேரம் மட்டும் செய்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி முழுத் துப்பு தராது. அங்கே கைகொடுப்பது, ஸ்வீடனின் குன்னார் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையிலான அளவுகோல். எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நோயாளியே எண் சொல்வார்.

இவ்வளவு மலிவான சோதனை இருந்தும், ஏராளமான இதய நோயாளிகள் மருந்துச் சீட்டோடு மட்டும் வீடு திரும்புகிறார்கள். உழைத்துச் சாப்பிடும் மனிதருக்கு "ஓய்வெடுங்கள்" என்ற ஒற்றைச் சொல்லைக் கொடுத்தனுப்புவது சிகிச்சையில் பாதியை மறந்துவிடுவது.

ஆரணி நண்பரே, அடுத்தமுறை போகும்போது, "என்னை ஆறு நிமிடம் நடக்கவிட்டு, தூரத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்" என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் தறிவேலையையும் விளக்கிச் சொல்லுங்கள். மாரடைப்பு வந்த உடனடி நாட்களில் இந்தச் சோதனை பொதுவாகக் கூடாது. நீங்கள் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டீர்கள்.