மேகத்துக்குள் ஒளிந்திருந்த மலை! லின்கன் குண்டுவீச்சு விமானம் முதல் சின்னமனூர், குன்னூர் வரை

மார்கழி மாதம் விடியற்காலையில் தர்மபுரியிலிருந்து சேலம் போயிருக்கிறீர்களா? தொப்பூர் கணவாய் நெருங்கும்போது பனி இறங்கி, முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அனுபவசாலி டிரைவர் என்ன செய்வார்? வேகத்தைக் குறைப்பார். ரொம்பவே மோசம் என்றால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் வந்ததும் கிளம்புவார்.

ஆனால், விமானத்தை வானத்தில் ஓரங்கட்ட முடியாது. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால் பறந்துகொண்டேதான் இருக்க வேண்டும். அந்த மேகத்துக்குள் ஒரு மலை இருந்தால்?

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. 2021 டிசம்பர் 8-ம் தேதி குன்னூர் அருகே ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்குச் சரியாக 50 ஆண்டுகள் நிறைய ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது எதற்குத் தெரியுமா? 1971 டிசம்பர் 9-ம் தேதி இதே தமிழ்நாட்டில், இன்னொரு மலையில் நடந்த ஒரு விமான விபத்துக்கு. அது இன்று பலருக்கும் தெரியாது.

சின்னமனூரில் அன்று நடந்தது...

1971 டிசம்பர். இந்தியா - பாகிஸ்தான் போர் உச்சத்தில் இருந்த நாள்கள். செய்தித்தாள்களின் முதல் பக்கம் முழுக்கப் போர்தான். அந்த நேரத்தில் திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸின் 'ஆவ்ரோ' விமானம். 27 பயணிகள், 4 ஊழியர்கள் என மொத்தம் 31 பேர்.

மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் மதுரை. விமானம் உயரத்தைக் குறைக்கத் தொடங்கிவிட்டது. பகல் நேரம்தான். ஆனால், வானிலை மோசமாகி எதிரே எதுவும் சரியாகத் தெரியவில்லை. அன்றைய மதுரை மாவட்டத்தில், இன்றைய தேனி மாவட்டத்தில் இருக்கும் சின்னமனூர் அருகே விமானம் மலையில் மோதியது. 21 பேர் இறந்தார்கள். 10 பேர் உயிர் பிழைத்தார்கள்.

மேகமலைக்குச் சுற்றுலா போகிறவர்கள் சின்னமனூரில் இருந்துதான் மலை ஏறுகிறார்கள். மேகம் வந்து கன்னத்தில் மோதுவதை ரசிக்கிறார்கள். தரையில் நிற்பவருக்கு மேகம் அழகு. அதற்குள் பறப்பவருக்கு அது கண்ணைக் கட்டும் துணி.

ஆவ்ரோவின் மூத்த அண்ணன்

'ஆவ்ரோ' என்பது இங்கிலாந்தின் பழைய விமானத் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர். ஆவ்ரோ 748 ரக விமானங்களை நம் ஊர் எச்.ஏ.எல். நிறுவனமே கான்பூரில் தயாரித்தது. அங்கே உருவான முதல் விமானம் 1961 நவம்பர் 1-ம் தேதி பறந்தது. நம் விமானப்படையும் இந்தியன் ஏர்லைன்ஸும் இதைப் பயன்படுத்தின. அதனால், நிறுவனத்தின் பெயரே விமானத்தின் பெயராக நம் ஊரில் நிலைத்துவிட்டது.

இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று 'ஆவ்ரோ லின்கன்'. நான்கு இன்ஜின்கள் கொண்ட கனரக குண்டுவீச்சு விமானம். இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற லான்காஸ்டர் விமானத்தின் அடுத்த வடிவம். 1944 ஜூனில் முதன்முதலாகப் பறந்தது. ஜப்பான் மீது தாக்குதல் நடத்தத்தான் இதைத் தயார் செய்தார்கள். அதற்குள் போரே முடிந்துவிட்டது. அதன் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலிய விமானப்படைகளில் ஓடியது.

போரில் பெரிதாக அடிபடாத இந்த விமானத்துக்கு அமைதிக் காலத்தில்தான் சோதனை. 1953 மார்ச் 12-ம் தேதி ஜெர்மனி எல்லையில் ஒரு லின்கனை சோவியத் மிக் விமானங்கள் சுட்டு வீழ்த்தின. அதில் 7 பேர் பலி. அது எதிரி செய்த வேலை. ஆனால், 1950 மார்ச் 15-ம் தேதி இரவு வேல்ஸ் நாட்டு மலையில் ஒரு லின்கன் மோதி 6 பேர் இறந்தார்களே, அங்கே எதிரி யாரும் இல்லை. இருட்டும் மலையும்தான் இருந்தன.

ஒரு பச்சைக் குழந்தைக்காக...

லின்கன் விபத்துகளிலேயே மனதைப் பிசைவது ஆஸ்திரேலியாவில் நடந்ததுதான்.

1955 ஏப்ரல் 9, ஈஸ்டருக்கு முந்தைய நாள். வடக்கே டவுன்ஸ்வில் நகரத்தில் பிறந்து இரண்டே நாளான ஒரு பெண் குழந்தைக்குக் கடுமையான மஞ்சள் காமாலை. காப்பாற்ற வேண்டுமென்றால் சுமார் 1,100 கி.மீ. தெற்கே இருக்கும் பிரிஸ்பேனுக்கு உடனே கொண்டுபோக வேண்டும். உள்ளூர் விமானப்படைத் தளத்தில் இருந்தது லின்கன். குண்டு போடுவதற்காகக் கட்டப்பட்ட விமானம் அன்று ஆம்புலன்ஸ் ஆனது. படைப்பிரிவின் தலைமை அதிகாரியே விமானத்தை ஓட்டக் கிளம்பினார். அவரோடு விமானப்படையினர் மூன்று பேர், ஒரு நர்ஸ், அந்தக் குழந்தை. நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டார்கள்.

வழியெல்லாம் மேகம். பிரிஸ்பேனை நெருங்கிவிட்டோம் என்ற கணக்கில் இருந்த விமானம், உண்மையில் பாதை விலகி நகரத்துக்குத் தென்மேற்கே சுமார் 100 கி.மீ. தள்ளிப் போயிருந்தது. அங்கே நின்றுகொண்டிருந்தது 1,375 மீட்டர் உயரமுள்ள சூப்பர்பஸ் மலை. விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே மோதிய விமானத்தில் இருந்த 6 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அந்த லின்கனின் இன்ஜின்களும் உடைந்த பாகங்களும் இன்னும் அந்தக் காட்டில் கிடக்கின்றன. மலையேறுபவர்கள் அங்கே போய் நின்று, ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

நல்ல விமானம் ஏன் மலையில் மோதுகிறது?

இன்ஜினும் இறக்கையும் நன்றாக இயங்கி, விமானியும் கட்டுப்பாட்டோடு ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விமானம் மலையிலோ தரையிலோ மோதுவதற்கு விமானத் துறையில் தனிப் பெயரே இருக்கிறது. 'கன்ட்ரோல்டு ஃப்ளைட் இன்டு டெரெய்ன்' என்பார்கள். கடைசி நொடி வரை உள்ளே இருப்பவர்களுக்கு ஆபத்து தெரியாது என்பதுதான் இதன் கொடுமை.

இதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, உயரம் காட்டும் கருவி. விமானத்தின் ஆல்டிமீட்டர் காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்கிறது. அது கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கு. '4,000 அடி' என்று காட்டினால் பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால், எதிரே நிற்கும் மலை 5,000 அடி என்றால்? அந்தக் கருவிக்கு மலையைத் தெரியாது.

இரண்டாவது, நாம் எங்கே இருக்கிறோம் என்ற கணக்கு. லின்கன் காலத்தில் ஜி.பி.எஸ். கிடையாது. வேகம், திசை, நேரம் இவற்றை வைத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பலமான காற்று பக்கவாட்டில் தள்ளினால் கணக்கு தப்பிவிடும். கீழே விளக்கு தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். மேகம் மூடியிருந்தால் அதற்கும் வழியில்லை.

மூன்றாவது, மனம். 'இன்னும் கொஞ்சம் இறங்கினால் தரை தெரிந்துவிடும்' என்ற ஆசை. அதுவும் அவசரம் இருக்கும்போது, திரும்பிப் போகலாம் என்று முடிவெடுப்பது யாருக்கும் சுலபம் அல்ல.

இதற்காகத்தான் ஒவ்வொரு பாதைக்கும் குறைந்தபட்சப் பாதுகாப்பு உயரம் என்று ஒன்றை வரையறுத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியின் மிக உயரமான இடத்துக்கு மேலே குறைந்தது 1,000 அடி, மலைப் பகுதி என்றால் 2,000 அடி இடைவெளி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது அதற்குக் கீழே இறங்கக் கூடாது. விதி எளிதுதான். அதை மீறியதால் போன உயிர்கள்தான் ஏராளம். 1979 ஆகஸ்ட் 4-ம் தேதி புனேயிலிருந்து மும்பை போன இன்னொரு ஆவ்ரோ, மோசமான வானிலையில் பன்வேல் அருகே மலையில் மோதி 45 பேர் இறந்தார்கள்.

'புல் அப்' என்று கத்தும் பெட்டி

இதற்கு ஒரு தீர்வைக் கண்டுபிடித்தவர் கனடாவில் பிறந்த இன்ஜினீயர் டான் பேட்மேன். சிறு வயதில் பள்ளிக்கு அருகே இரண்டு விமானங்கள் மோதி விழ, வகுப்பிலிருந்து நழுவி அதைப் பார்க்கப் போனாராம். 'நீ பார்த்ததைக் கட்டுரையாக எழுது' என்று ஆசிரியை தண்டனை கொடுத்தாராம். பிறகு வாழ்க்கை முழுக்க விபத்துகளைப் படிப்பதே அவர் வேலையாகிப் போனது.

அவர் உருவாக்கிய கருவி, தரை வேகமாக நெருங்கினால் விமானி அறையில் எச்சரிக்கை ஒலிக்கும். 1974 டிசம்பர் 1-ம் தேதி வாஷிங்டன் அருகே ஒரு போயிங் விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தபோது, அமெரிக்க அரசு இந்தக் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்களில் கட்டாயமாக்கியது.

ஆனால், அதற்கும் ஒரு குறை இருந்தது. ரேடியோ அலையை நேர் கீழே அனுப்பித்தான் அது தரையை அளந்தது. செங்குத்தான மலை எதிரே வந்தால், தெரியும்போது நேரம் கடந்திருக்கும். 1995-ல் கொலம்பியாவில் ஒரு விமானத்துக்கு மோதுவதற்குச் சுமார் 12 நொடிகள் முன்புதான் எச்சரிக்கை கிடைத்தது. 159 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பரவலாக வந்த புதிய கருவி, உலக மலைகளின் வரைபடத்தைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஜி.பி.எஸ். மூலம் இடத்தைத் தெரிந்துகொண்டு, முன்னால் இருக்கும் மலையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடும். 'டெரெய்ன்... டெரெய்ன்... புல் அப்!' இந்தக் குரல் வந்த பிறகு, பயணிகள் விமானங்கள் மலையில் மோதுவது அரிதாகிவிட்டது.

குன்னூர் சொன்ன பாடம்

அரிதாகிவிட்டதே தவிர, முடிந்துபோகவில்லை. சூலூரிலிருந்து வெலிங்டன் போன எம்.ஐ.-17 வி5 ஹெலிகாப்டரில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி மதுலிகா உட்பட 14 பேர் இருந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நஞ்சப்பசத்திரம் மக்கள் ஓடிவந்து உதவியதை நாடே பாராட்டியது.

முப்படை விசாரணைக் குழு 2022 ஜனவரியில் சொன்ன முடிவு இது: இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் ஹெலிகாப்டர் மேகத்துக்குள் நுழைந்தது. விமானிக்குத் திசை, நிலை பற்றிய உணர்வு தடுமாறியது. கட்டுப்பாட்டில் இருந்தபடியே தரையில் மோதியது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை இதை 'மனிதத் தவறு' என்று வகைப்படுத்தியது.

ஆனால், அந்த ஒரு சொல்லோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. மேகத்துக்குள் எது மேல், எது கீழ் என்பதே உடம்புக்குத் தெரியாமல் போகும். நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்ல ஆரம்பிக்கும். கண்ணுக்கு ஆதாரம் இல்லாதபோது எவ்வளவு திறமைசாலிக்கும் இது நடக்கலாம். 1955-ல் லின்கனை ஓட்டியவர் தன் படைப்பிரிவின் தலைவர். அனுபவத்துக்கு அங்கே குறைவில்லை.

நமக்கு இதில் என்ன?

தர்மபுரிக்காரர்களுக்கு விமானம் இப்போது தூரத்து விஷயம் இல்லை. தொப்பூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். 2023 அக்டோபரிலிருந்து அங்கே மீண்டும் விமானங்கள் வருகின்றன. ஆவ்ரோவைப் போலவே இரண்டு ப்ரொப்பெல்லர் இன்ஜின்கள் கொண்ட ஏடிஆர் விமானங்கள். ஒரு பக்கம் சேர்வராயன் மலை எழுந்து நிற்கிறது. இன்றைய விமானங்களில் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, ஜி.பி.எஸ். இருக்கிறது. பயப்பட எதுவும் இல்லை.

ஆனால், ஒரு நாள் நீங்களும் பனியிலோ மழையிலோ விமானத்துக்காகக் காத்திருக்கக் கூடும். 'வானிலை சரியில்லை, விமானம் தாமதம்' என்று அறிவிப்பு வரும். அல்லது சேலம் வரை வந்த விமானம் இறங்காமல் வேறு ஊருக்குத் திரும்பிப் போகும். கல்யாணத்துக்கு நேரமாகியிருக்கும், இன்டர்வியூ தவறிப்போயிருக்கும். கோபம் வருவது இயல்புதான். 'இந்தப் பனிக்கெல்லாமா?' என்று கவுன்ட்டரில் இருப்பவரிடம் சத்தம் போடத் தோன்றும்.

அப்போது சின்னமனூரையும் சூப்பர்பஸ் மலையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். தொப்பூரில் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கும் லாரி டிரைவரை 'பயந்தவர்' என்று யாரும் சொல்வதில்லை. 'வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று முடிவெடுத்த விமானியும் அவரைப் போலத்தான். நீங்கள் தாமதமாகவாவது வீடு போய்ச் சேர வேண்டும் என்று நினைப்பவர் அவர்!