தோண்டும் மூக்கு
உழைக்கும் நாய்கள் – 9

பழவேற்காட்டுப் பாலம் தாண்டி கலங்கரை விளக்கத்தின் பக்கம் போனால், ஒரு புறம் ஏரி, மறு புறம் கடல். நடுவில் மணல்மேட்டில் குப்பங்கள். மாசி மாதத்து விடியலில் அங்கே நடந்தபோது மணலில் ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. சுற்றிலும் காய்ந்து சுருண்ட முட்டைத் தோல்கள். இரவு கரையேறிய பங்குனி ஆமை நூற்றுக்கு மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போயிருக்கும். மணலெங்கும் நாய்களின் கால்தடம்.

"யாரும் பழக்கல சார். ஒண்ணு தோண்டுறதப் பாத்து இன்னொண்ணு கத்துக்கிச்சு" என்றார் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர். அவர் காலடியில் படுத்திருந்த செவலை நாய்க்கும் அதில் பங்குண்டாம். இரவில் கருவாட்டுக்குக் காவலிருப்பதும் அதே நாய்தான். வலையில் கழியும் பொடிமீன் அதற்குக் கூலி.

நாயின் வேட்டை ஒரு சங்கிலி: பார்த்தல், பதுங்குதல், விரட்டுதல், கவ்வுதல், கொல்லுதல், கிழித்துத் தின்னல். இனம் வளர்ப்பவர்கள் அதில் ஒரு கண்ணியை நீட்டுவார்கள், இன்னொன்றைக் குறுக்குவார்கள். முயல் வேட்டைக்கு வளர்த்த சிப்பிப்பாறையிடம் விரட்டுதல் நீண்டது. ஆட்டு மந்தை மேய்க்கும் பார்டர் கோலி பதுங்கும், விரட்டும். கவ்வுவதற்கு முன்பே நின்றுவிடும். குப்பத்து நாயின் சங்கிலியில் இப்படி யாரும் கைவைக்கவில்லை. கிடைத்ததைத் தின்று பிழைத்ததே அதன் வம்சம்.

அதற்காக இனத்தையே விதியாக எண்ணிவிடக் கூடாது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் குணத்தை அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, 2022-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தால் விளங்குவது சுமார் 9 சதவீதம்தான். சொன்ன பேச்சைக் கேட்கும் குணத்தில் மட்டும் இனத்தின் கை சற்று ஓங்கியிருந்தது. குட்டியாக இருக்கையில், மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை அது யாரோடு புழங்கியது என்பதும் பெரிய விஷயம்.

அமெரிக்காவின் டெக்சாஸில் பாட்ரே தீவுக் கடற்கரை இருக்கிறது. கெம்ப்ஸ் ரிட்லி என்ற ஆமை அங்கே பகலில், பெரும்பாலும் காற்றடிக்கும் நாளில் கரையேறும். காற்று அதன் தடத்தை அழித்துவிடும். கூடு எங்கே என்று தெரியாது. ஆமைகளைக் காக்கும் விஞ்ஞானி டோனா ஷேவர், தன் வீட்டு நாய் ரிட்லியைக் கூடு தேடப் பழக்கினார். அது கெய்ர்ன் டெரியர். பாறை இடுக்கில் பதுங்கும் பிராணிகளைத் தோண்டிப் பிடிக்கவென்றே ஸ்காட்லாந்தில் வளர்த்த இனம்! தோண்டுவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. அந்த நாய்தான் முட்டை புதைந்த இடத்தை முகர்ந்து காட்டியது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வாசனையைக் கண்டுபிடித்து, தோண்டாமல் நின்றால் உடனே தின்பண்டம். தோண்டினால் ஒன்றும் கிடையாது. பொறுமையாக, நாள்தோறும் இதையே செய்ய வேண்டும். மோப்ப நாய்ப் பயிற்சியின் அடிப்படையே இவ்வளவுதான். முட்டை இருக்கும் இடத்தைக் குப்பத்து நாயின் மூக்கு ஏற்கெனவே அறிந்திருக்கிறது. அதற்கு இன்னும் கிடைக்காதது, தோண்டாமல் நின்றதற்கு ஒரு மீன்.

இதை மீனவரிடம் சொன்னேன். வலையிலிருந்து கையை எடுக்காமல் படகின் நிழலைக் காட்டினார். அங்கே கண் திறந்து சில நாளே ஆன நாலு குட்டிகள்.

"இதுல ஒண்ண எடுத்துப் பழக்கிப் பாருங்க சார். இன்னும் எதையும் கத்துக்கல."

(அடுத்த வாரம்: கோம்பை)