கப்பலின் திரையில் நம் படகு தெரிகிறதா?

2017 ஜனவரி 28 அதிகாலை 4 மணியளவில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியேறிய பிடபிள்யூ மேப்பிள். மற்றொன்று, பெட்ரோலியப் பொருள்களுடன் உள்ளே வந்த டான் காஞ்சிபுரம். சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. அடுத்தடுத்த நாள்களில் எண்ணூர், திருவொற்றியூர் கரைகளில் கறுப்புக் கசடு குவிந்து, மெரினாவையும் தாண்டிப் பரவியது. மீனவர்களும் மாணவர்களும் அதை வாளியால் அள்ளினார்கள். மீன் வாங்க மக்கள் அஞ்சினார்கள்.

அந்த அளவுள்ள கப்பல்களில் ரேடாரும், பெயர், இடம், வேகம் ஆகியவற்றை அக்கம்பக்கத்துக் கப்பல்களுக்குத் தானாகவே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியும் சட்டப்படி கட்டாயம். கருவிகள் இருந்தும் விபத்து நடக்கிறது என்பது அன்று தெரிந்த பாடம். அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி வரும் இந்தக் காமராஜர் துறைமுகம் அத்திப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். அதே கடலில்தான் எண்ணூர் முதல் பழவேற்காடு வரையிலான குப்பங்களின் ஃபைபர் படகுகள் வலை விடுகின்றன. கப்பல் வழிகாட்டும் தொழில்நுட்பம் உலக அளவில் மாறிவரும் இந்த நேரத்தில், அதில் நம் பாதுகாப்பு எங்கே இருக்கிறது என்று நாம் கேட்டாக வேண்டும்.

மூன்று அமைப்புகள், ஒரே மொழி

கப்பல் போக்குவரத்துக்கான விதிகளை வகுப்பது லண்டனில் உள்ள சர்வதேசக் கடல்சார் அமைப்பு. கடல் வரைபடங்களின் தரத்தை முடிவு செய்வது மொனாக்கோவில் உள்ள சர்வதேச நீரியல் அமைப்பு. கலங்கரை விளக்கம், மிதவை, கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு வழிகாட்டுவது பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஐஏஎல்ஏ. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கருவியும் தனித்தனி முறையில் பேசினால் கப்பலைச் செலுத்துபவர் குழம்பிப்போவார். அதைத் தவிர்க்க, மின்னணு வழிசெலுத்தலுக்கான பொதுத் திட்டம் வேண்டும் என்று 2006-இல் ஏழு நாடுகள் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிந்தன. அதன் செயலாக்கத் திட்டத்துக்கு 2014-இல் ஒப்புதல் கிடைத்தது.

இப்போது 'எஸ்-100' என்ற புதிய வரைபடத் தரம் வருகிறது. கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல, ஆழம், நீர்மட்டம், நீரோட்டம், அபாய எச்சரிக்கை, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்ட அது வழிசெய்கிறது. இந்தத் தரத்திலான கருவிகளை 2026 ஜனவரி 1 முதல் பயன்படுத்தலாம். 2029 ஜனவரி 1 முதல் புதிதாகப் பொருத்தப்படும் கருவிகளுக்கு அது கட்டாயம்.

இதில் இந்தியா வேடிக்கை பார்க்கும் நாடு அல்ல. டேராடூனில் உள்ள தேசிய நீரியல் அலுவலகம்தான் நம் கடலின் வரைபடங்களைத் தயாரிக்கிறது. வட இந்தியப் பெருங்கடலின் பெரும்பகுதிக்கு வழிசெலுத்தல் எச்சரிக்கைகளை வெளியிடும் பொறுப்பும் அதனுடையது. ஐஏஎல்ஏ, அரசுகளுக்கு இடையிலான அமைப்பாக 2024-இல் மாறியது. அடுத்த ஆண்டு இந்தியா அதன் துணைத் தலைமைக்குத் தேர்வானது. ஆகவே, நம் கோரிக்கைகளைக் கொண்டு சேர்க்க வாசல் திறந்தே இருக்கிறது.

ஆபத்து எங்கே?

முதல் ஆபத்து, சிறு படகு திரையில் தெரியாமல் போவது. ஃபைபர் படகு ரேடாரில் மங்கலாகவே தெரியும். அலை எழும்பினால் அதுவும் மறையும். பெரும்பாலான சிறு படகுகளில் ஏஐஎஸ் கிடையாது. மத்திய அரசு 2024 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் 1 லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு இஸ்ரோ தொழில்நுட்பத்தில் அமைந்த டிரான்ஸ்பாண்டர் இலவசமாகத் தரப்படுகிறது. புயல் எச்சரிக்கை பெறவும் ஆபத்தில் செய்தி அனுப்பவும் அது பெரிதும் உதவும். ஆனால் அது செயற்கைக்கோள் வழியே கரையோடு பேசும் கருவி. பக்கத்தில் வரும் கப்பலின் திரையில் படகைக் காட்டும் வேலை அதற்கில்லை. டிரான்ஸ்பாண்டர் இருக்கிறது, கப்பல் நம்மைப் பார்த்துவிடும் என்று நம்பி இரவில் விளக்கை அணைத்துவிடக் கூடாது.

இரண்டாவது ஆபத்து, செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குலைப்பதும் போலி சமிக்ஞை அனுப்புவதும். இதைக் கண்டு கவலை தெரிவித்து, கடல்சார் அமைப்பும் விமானப் போக்குவரத்துக்கும் தொலைத்தொடர்புக்குமான சர்வதேச அமைப்புகளும் 2025 மார்ச்சில் கூட்டறிக்கை வெளியிட்டன. திரையை மட்டும் நம்பும் கப்பல், சமிக்ஞை தவறினால் தான் நிற்கும் இடத்தையே தவறாக எண்ணிக்கொள்ளும்.

உங்கள் உரிமை

கடலில் மோதலைத் தவிர்க்கும் சர்வதேச விதிகளின்படி, வலை விட்டு மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு இயந்திரக் கப்பல் வழிவிட வேண்டும். ஆனால் குறுகலான கால்வாயில் செல்லும் கப்பலை மீன்பிடிப் படகு மறிக்கக் கூடாது. துறைமுக நுழைவுக் கால்வாயில் வலை விட்டால் சட்டம் உங்கள் பக்கம் நிற்பது கடினம்.

கப்பலின் எரிபொருள் எண்ணெய் கசிந்தால் இழப்பீட்டுக்குக் கப்பல் உரிமையாளரே பொறுப்பு என்கிறது 2001-ஆம் ஆண்டின் சர்வதேச ஒப்பந்தம். இந்தியா 2015-இல் அதில் இணைந்தது. 1,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் இதற்குக் காப்பீடு வைத்திருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் காப்பீட்டு நிறுவனத்திடம் நேரடியாகவே கோரலாம் என்பது அதன் சிறப்பு.

2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கடல்சார் உரிமைக் கோரிக்கைச் சட்டத்தின்படி, துறைமுகத்தில் நிற்கும் கப்பலைத் தடுத்துவைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது, கேரள அரசு இந்தச் சட்டத்தின் வழியே 9,531 கோடி ரூபாய் கோரியது. அதே குழுமத்தின் வேறொரு கப்பலைத் தடுத்துவைக்கக் கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

விபத்து நடந்தால் என்ன செய்வது?

பெரிய கப்பல்களில் விமானத்தின் கறுப்புப் பெட்டி போன்ற பயணப் பதிவுக் கருவி உண்டு. கப்பல் இருந்த இடம், வேகம், ரேடார் திரை, கப்பலைச் செலுத்தும் அறையில் பேசிய பேச்சு எல்லாம் அதில் பதிவாகும். ஆனால் பழைய வகைக் கருவிகளில் 12 மணி நேரத்துப் பதிவே நிற்கும். 2014 ஜூலைக்குப் பின் பொருத்தப்பட்டவற்றில் 30 நாள் வரை நிற்கும். அதற்குமேல் புதிய பதிவு பழையதை அழித்துவிடும். எனவே தாமதம்தான் முதல் எதிரி.

2012 மார்ச்சில் ஆலப்புழை அருகே பிரபுதயா என்ற கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் இறந்தனர். நிற்காமல் போன அந்தக் கப்பலை அதன் பயணத் தடத்தைக் கொண்டு அடையாளம் கண்டு சென்னைக்கு வரவழைத்தார்கள். தடம் இருந்தால் தப்ப முடியாது.

ஆகவே:

1. உடனே கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்களில் சொல்லுங்கள். விஎச்எஃப் வானொலி வைத்திருந்தால் 16-ஆம் சேனல்.
2. நேரம், ஜிபிஎஸ் இடம், கப்பலின் நிறம், தெரிந்த எழுத்துகள் ஆகியவற்றைக் குறியுங்கள். கைபேசியில் படம் எடுங்கள். அறுந்த வலையையும் உடைந்த பலகையையும் பத்திரப்படுத்துங்கள்.
3. அன்றே எழுத்துமூலம் புகார் கொடுத்து, பெற்றதற்கான ஒப்புகை வாங்குங்கள். கப்பலின் பயணப் பதிவையும், துறைமுகக் கட்டுப்பாட்டு அறையின் ஏஐஎஸ், ரேடார் பதிவையும் பாதுகாக்கக் கோரும் வரி அதில் இருக்கட்டும்.
4. எண்ணெய் மாசுக்கு, சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை நாடலாம். இழப்பீட்டு மனுவுக்கு ஐந்து ஆண்டுகள் அவகாசம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்போருக்குக் கட்டணம் இல்லை. எண்ணெய் கப்பலிலிருந்து வந்ததா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் நடந்ததுபோல நிலத்திலிருந்து வந்ததா என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். யார் பொறுப்பு என்பது அதைப் பொறுத்தே மாறும்.
5. வழக்கறிஞர் வைக்க வசதியில்லையா? இலவச சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழையுங்கள்.

படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும் நடப்பில் இருக்கட்டும். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கு 5 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமியத்தை அரசுகளே செலுத்துகின்றன. உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கூட்டாகக் கேட்க வேண்டியவை

தனி ஆளால் முடியாததை மீனவர் கூட்டுறவுச் சங்கமும் கிராம சபையும் செய்யலாம். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை படகுகள் அதிகம் கூடும் இடங்களையும் பருவங்களையும் புதிய வரைபட எச்சரிக்கைகளில் சேர்க்கும்படி தேசிய நீரியல் அலுவலகத்துக்கு எழுதுங்கள். துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் தமிழில் பேசும் ஒருவர் இரவு பகலாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சிறு படகுக்கேற்ற மலிவான ஏஐஎஸ் கருவிக்கு மானியம் கேளுங்கள். பதில் வராவிட்டால், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

லண்டனிலும் மொனாக்கோவிலும் எழுதப்படும் விதி எண்ணூர்க் காட்டுக்குப்பத்துப் படகையும் காக்க வேண்டுமென்றால், அந்தப் படகு எந்த நேரத்தில் எங்கே வலை விடுகிறது என்பது அங்கே போய்ச் சேர வேண்டும். அதை எடுத்துச் சொல்ல நம்மைவிடத் தகுதியானவர் யாருமில்லை. 2029 முதல் புதிதாகப் பொருத்தப்படும் கருவிகள் மாறப்போகின்றன. மனு எழுத வேண்டிய காலம் இதுதான்.